மழைமானி இல்லாத ஊரின் நிறம்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கடலூர் மாவட்டத்துக் கைப்பேசிகளில் காலைதோறும் ஒரு பட்டியல் சுற்றும். முந்தைய நாள் காலை எட்டரை மணியிலிருந்து அன்று காலை எட்டரை மணி வரை எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற கணக்கு அது. கடலூர், வானமாதேவி, பண்ருட்டி, வடக்குத்து, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை, அண்ணாமலை நகர், சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம், பெலாந்துறை, வேப்பூர், தொழுதூர், கீழச்செருவாய் என்று கடற்கரையில் தொடங்கி மேற்கு எல்லை வரை பெயர்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலானவர்கள் தங்கள் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் அதைக் கணினிக்குள் ஏற்றி, அட்சரேகை தீர்க்கரேகையோடு சேர்த்து, ஒரே அளவு மழை பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்து நிறம் நிரப்பிய சமமழைக் கோட்டுப் படமாக வரைந்து உறவினர்களுக்கும் தெரிந்த சில விவசாயிகளுக்கும் அனுப்புவேன். என் பிழைப்பு புதுச்சேரியில் மென்பொருள் எழுதுவது. மழைப்படம் சொந்த ஆசை.

குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே கொல்லை வைத்திருக்கும் என் மாமாவுக்கும் அந்தப் படம் போகும். போன பருவத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, என் கொல்லைக்கு மேல் கரும்பச்சை பூசியிருக்கிறாய். எழுபது மில்லிமீட்டர் என்று அர்த்தமாம். அங்கே மானியை எவன் கொண்டுவந்து வைத்தான்?"

யாரும் வைக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

நான் பயன்படுத்துவது பைத்தான் என்ற கணினி மொழியின் மேட்பிளாட்லிப் நூலகம், அதாவது படம் வரைவதற்கான ஆயத்த ஆணைகளின் தொகுப்பு. ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைத் தரவுகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டது. அவர் 2012-இல் காலமானார். இன்று வானியல் முதல் வங்கிக் கணக்கு வரை அதில் வரையாத துறை இல்லை. அதில் 'கான்டூர்' என்ற ஆணை கோடு மட்டும் போடும். 'கான்டூர்எஃப்' கோடுகளுக்கு நடுவே நிறம் நிரப்பும். ஒரே வரிதான். அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை முடிவுகளை நூலகம் நம்மைக் கேட்காமல் எடுக்கிறது என்பது, படத்தை யாராவது நம்பி நடக்கத் தொடங்கும்போதுதான் உறைக்கும்.

கான்டூர்எஃப் வேலை செய்யும் விதம் எளிது. அதற்கு ஊர்கள் தெரியாது. கட்டம் கட்டமான ஒரு வலை தெரியும். வலையின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மதிப்பு. ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் நான்கு மூலைகளும் வேண்டிய மதிப்புக்கு மேலா, கீழா என்று பார்க்கும். ஒரு மூலையில் 40, அடுத்ததில் 90, நாம் கேட்ட கோடு 64.4 என்றால், இரண்டுக்கும் நடுவே சரிபாதிக்குச் சற்று முன்னால் கோடு கடக்கும் என்று விகிதக் கணக்குப் போடும். நான்கு மூலைகள், மேல் கீழ் என்று இரண்டு நிலைகள் என்பதால் மொத்தம் 16 வகைக் கட்டங்கள்தான் உண்டு. நிறம் நிரப்பும்போது ஒவ்வொரு மூலைக்கும் கீழே, நடுவே, மேலே என்று மூன்று நிலைகள் வந்துவிடுவதால் 81 வகை. இவற்றில் சில சங்கடமானவை: எதிரெதிர் மூலைகள் இரண்டு மேடு, மற்ற இரண்டு பள்ளம் என்றால் கோட்டை எப்படி இணைப்பது? இரண்டு விதமாகவும் இணைக்கலாம், இரண்டும் சரிதான். நூலகம் நான்கு மூலைகளின் சராசரியை நடுமதிப்பாக எடுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த மேடு ஒரே மேடா, நடுவே பிளந்த இரண்டு மேடுகளா என்பதை அங்கே ஒரு சராசரி தீர்மானிக்கிறது.

வலை கட்டும்போது இன்னொரு தொல்லை. வலையின் மதிப்புகளை அடுக்கிய எண் அட்டவணைக்கு அணி என்று பெயர். அணியின் கிடைவரிசை அட்சரேகை, நெடுவரிசை தீர்க்கரேகை. மாற்றிக் கொடுத்தால், வலை சதுரமாக இருக்கும்பட்சத்தில் நூலகம் வாயைத் திறக்காமல் வரைந்துவிடும். வங்காள விரிகுடா தலைமாட்டுக்குப் போய்விடும். படத்தைப் பிக்சலாகக் காட்டும் 'இம்ஷோ' ஆணை அணியின் முதல் வரிசையை மேலே வைக்கும். கான்டூர்எஃப் கீழே வைக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் சிதம்பரம் வடக்கே, புதுச்சேரி தெற்கே. நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் ஒரே நொடியில் பிடித்துவிடும் பிழை. வேற்றூர்க்காரர் கண்ணுக்கு அழகான படம்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மானிகள் இருப்பது கட்டம் கட்டமாக அல்ல. தாலுகா அலுவலகம், பயணியர் விடுதி, அணைக்கட்டு என்று எங்கே இடம் இருந்ததோ அங்கே. ஆகவே கான்டூர்எஃபுக்குக் கொடுக்கும் முன்பே, மானியில்லாத முனைகளுக்கெல்லாம் நாமே மதிப்பு உண்டாக்கியாக வேண்டும். இடைக்கணிப்பு என்று அதற்குப் பெயர். பைத்தானின் இன்னொரு நூலகமான சைபையில் 'கிரிட்டேட்டா' என்ற ஆணை இதைச் செய்யும். நேர்கோட்டு முறை, கன முறை, மிக அருகில் உள்ள மானியின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறை என மூன்று வழிகள். நேர்கோட்டு முறை மானிகளை முக்கோணங்களாக இணைத்து, ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு சாய்தளமாக எண்ணிக்கொள்கிறது. கோடுகள் முறிந்து முறிந்து கோணலாக வரும். பார்க்க அழகில்லை. கன முறையில் கோடுகள் வழுவழுவென்று வளையும். ஆனால் ஓரிடத்தில் 200, பக்கத்து மானிகளில் 5, 6 என்று இருந்தால் வளைவு கீழே இறங்கும் வேகத்தில் பூஜ்யத்தையும் தாண்டிப் போய்விடும். பெய்யாத மழைக்கும் கீழே ஒரு மழை. அதைவிட மோசம், மேட்டின் உச்சியில் 200-ஐத் தாண்டி 230 என்று யாரும் அளக்காத ஒரு பெருமழையையும் உண்டாக்கிவிடும். தூரத்துக்கு ஏற்ப எடை குறைக்கும் முறை ஒன்று உண்டு. அது ஒவ்வொரு மானியைச் சுற்றியும் வட்ட வட்டமாகக் கண் வரைந்து, மேகம் மழைமானியைத் தேடி வந்து பெய்ததுபோல் காட்டும்.

நான் நேர்கோட்டு முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதன் கோணல் எனக்கு ஒரு நேர்மையாகவே படுகிறது: இங்கே மூன்று மானிகள்தான் இருந்தன, நடுவே நான் பலகை போட்டேன் என்பதை அந்த முறிவுகள் ஒளிக்காமல் காட்டுகின்றன. வழுவழுப்பான படத்துக்குப் பாராட்டு அதிகம் வரும் என்பதும் உண்மை. சுற்றில் வரும் பல மழைப்படங்கள் அப்படித்தான் வருகின்றன. பட்டு விரித்ததுபோல் நிறம், ஒரு மானிகூடப் படத்தில் இல்லை. அவற்றை நான் படமாக ரசிப்பேன், தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிக்குக்கோலத்தில் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வைத்த புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? மழைப்படத்திலும் மானிகளைக் கரும்புள்ளியாக வைத்து, பக்கத்திலேயே அளந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. 'ஸ்கேட்டர்' ஆணையில் ஒரு வரி, எண் எழுத இன்னொரு வரி. இவ்வளவுதான் செலவு.

புள்ளி வைத்த பிறகு இன்னும் ஒன்று செய்தேன். எந்த மானியிலிருந்தும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வலைமுனைகளை மறைத்துவிட்டேன். மறைத்த முனைகளைக் கான்டூர்எஃப் தொடாது. அடியில் போட்ட சாம்பல் நிறம் தெரியும். பத்து என்ற எண்ணுக்கு அறிவியல் கிடையாது, கண்மதிப்புதான். புயல் மழை என்றால் ஐம்பது கிலோமீட்டர் வரைகூட ஒரே மாதிரி பெய்யும். மே மாதத்து இடி மழையில் கடலூர் நகருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்தில் கொட்டும், திருப்பாதிரிப்புலியூரில் தெரு காய்ந்து கிடக்கும். கோடையில் அந்தப் பத்தை ஐந்தாக்கிவிடுகிறேன். படத்தில் பாதிக்கு மேல் சாம்பலாகிவிடுகிறது. "என்ன தம்பி, படம் பொத்தல் பொத்தலாக இருக்கிறது" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தப் பொத்தல்களில்தான் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, படிகள். எந்தெந்த மதிப்பில் நிறம் மாற வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அன்றைய தரவின் சிறுமம் பெருமத்தைப் பார்த்துச் சம இடைவெளியில் முழுமையான எண்களாக நூலகமே பிரித்துக்கொள்ளும். ஒரு படம் மட்டும் வரைவதானால் பரவாயில்லை. தினமும் வரைகிறவனுக்கு இது விஷம். தூறல் விழுந்த நாளில் 12 மில்லிமீட்டருக்குப் போட்ட அதே கருநீலம், புயல் அன்று 300-க்கும் விழும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர் இரண்டு நாளும் ஒரே வெள்ளம் என்றுதான் நினைப்பார்.

இந்திய வானிலைத் துறை மழையைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. செய்தியில் 'கனமழை' என்று சொல்லும்போது ஊரில் நினைப்பதற்கும் இந்த எண்களுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதால் இவற்றையே படிகளாக வைத்துக்கொண்டேன். 2.4, 15.5, 64.4, 115.5, 204.4. ஐந்து எல்லைகள். கடைசிப் படிக்கு மேலும் முதல் படிக்குக் கீழும் நிறம் நீளட்டும் என்று 'எக்ஸ்டென்ட்' குறிப்பைக் கொடுத்தால் ஆறு நிறங்கள்.

எல்லையை 64.5 என்று வைக்காமல் 64.4 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. கான்டூர்எஃப் ஒவ்வொரு பட்டையிலும் மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், கீழ் எல்லையை விட்டுவிடும். 64.5 என்று எல்லை போட்டால், சரியாக 64.5 பெய்த ஊர் மிதமான மழைப் பட்டையில் விழுந்துவிடும். அது கனமழை ஊர். 64.4 என்று போட்டால் இரண்டு கணக்கும் பொருந்தும். நடைமுறையில் இதனால் ஒரு நூலிழை அகலம்கூட மாறாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மனத்துக்கு நிம்மதி.

மாமாவுக்கு இந்தப் படிகள் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவர் தலைமுறையில் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்றுதான் பேச்சு. மண்ணில் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கியது, ஏர் பூட்டலாமா கூடாதா என்பதுதான் அளவு. முந்திரிக்கு ஒரு கணக்கு, நெல்லுக்கு ஒரு கணக்கு. மில்லிமீட்டரை அவர் ஒருநாளும் தொடர்கோடாக நினைத்தவர் அல்லர், படிப்படியாகத்தான் நினைத்தவர். "உன் பச்சையும் நீலமும் எனக்குப் புரிகிறது. எந்த நிறத்துக்கு விதைக்கலாம் என்று எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். அந்த வேலையை நான் ஏற்கவில்லை. செம்மண்ணும் களிமண்ணும் ஒரே நிறத்துக்கு ஒரே பதில் சொல்லாது.

நிறத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மேட்பிளாட்லிப்பில் வெகுகாலம் வரை தானாக வந்தது 'ஜெட்' என்ற வானவில் வரிசை: நீலம், வெளிர்நீலம், மஞ்சள், சிவப்பு. நடுவில் மஞ்சள் பளிச்சென்று எரியும். தரவில் எதுவும் இல்லாத இடத்தில் கண் ஓர் எல்லையைக் காணும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் இரு முனைகளும் ஒரே சாம்பல். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண்களுக்கு இன்னும் திண்டாட்டம். 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில் ஜெட்டை இறக்கிவிட்டு 'விரிடிஸ்' என்ற வரிசையை ஏற்றினார்கள். ஸ்டெஃபன் வான்டர்வால்ட், நத்தானியல் ஸ்மித், எரிக் ஃபைரிங் மூவரும் வடிவமைத்தது. கருநாவலில் தொடங்கி மஞ்சளில் முடியும். வெளிச்சம் ஒரே சீராக ஏறும். அறிவுக்கு முற்றிலும் சரியான வரிசைதான். ஆனால் அதில் உச்ச மதிப்பு மஞ்சள். நம் பக்கத்தில் மஞ்சளைப் பார்த்து மழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வெயில் என்று நினைப்பார்கள். ஆகவே மஞ்சளில் தொடங்கிப் பச்சை வழியாகக் கருநீலத்தில் முடியும் வேறொரு வரிசையை எடுத்துக்கொண்டேன். சிந்தியா புரூவர் வரைபடங்களுக்காக வகுத்த நிறங்களிலிருந்து வந்தது அது. சிவப்பு வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இன்னொரு காரணம்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பவை வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறங்களாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. பெய்து முடிந்த மழையைச் சிவப்பில் காட்டினால், 'ரெட் அலர்ட்' வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கேட்பார்கள்.

தமிழில் ஊர்ப் பெயர் எழுதுவது தனிக் கதை. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. கட்டம் கட்டமாகத்தான் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் நான் பயன்படுத்திவரும் பதிப்புகளில் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. 'நெய்வேலி'யில் கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கடலூர்' உருக்குலையும், 'புதுச்சேரி'யைப் படிக்க முடியாது. கடலூர் மாவட்டத்தில் கொம்பும் காலும் வராத ஊர்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வழி ஒன்று கிடைத்தது. படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விடும்படி அமைப்பில் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் உலாவி தமிழைச் சரியாகக் கோர்த்துவிடும். அங்கிருந்து பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பாக்கி அனுப்புகிறேன். சுற்றுவழிதான். ஆனால் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் போட்டு அனுப்பிய நாட்களைவிட இப்போது கேள்விகள் அதிகம் வருகின்றன.

பட்டியலில் பூஜ்யம் என்று இருப்பதெல்லாம் பூஜ்யம் அல்ல. சுற்றிலும் நூறு நூற்றைம்பது பெய்திருக்க, நடுவே ஓர் ஊரில் மட்டும் 0 என்று இருந்தால் அங்கே மழை பெய்யவில்லை என்பதைவிட அளவு வந்து சேரவில்லை என்பதுதான் நடக்கக்கூடியது. கான்டூர்எஃபுக்கு அந்த விவேகம் கிடையாது. வெள்ளக்காட்டின் நடுவே நேர்த்தியாக ஒரு வறண்ட தீவை வரைந்து, சுற்றிலும் ஐந்து நிறங்களை நெருக்கி அடுக்கிவிடும். அத்தகைய மதிப்பை எண்ணாக வைக்காமல் 'எண் இல்லை' என்ற குறியாக மாற்றி, முக்கோணம் கட்டும் முன்பே அந்த மானியை நீக்கிவிட வேண்டும். நீக்கிய இடத்தில் உள்ளீடற்ற ஒரு வட்டம் போடுகிறேன்.

இதையெல்லாம் சேர்த்துச் சோதித்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல். விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலும் அரை மீட்டரை ஒட்டி. அன்று என் படிகள் படுத்துவிட்டன. 204.4-க்கு மேல் எல்லாம் ஒரே கருநீலம் என்பதால் படத்தின் வடகிழக்கு மூலை முழுக்க ஒரே பூச்சு. 210 பெய்த இடத்துக்கும் 480 பெய்த இடத்துக்கும் வேறுபாடே இல்லை. தரம் பிரித்தவர்கள் எச்சரிக்கைக்காகப் பிரித்தார்கள், அதிகனமழைக்கு மேல் அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்படவில்லை. அன்றைக்கு மட்டும் 300, 400 என்று இரண்டு படிகள் சேர்த்தேன். இப்போது அவை எல்லா நாளும் நிற அளவுகோலில் இருக்கின்றன. பெரும்பாலான நாள் காலியாக நிற்கின்றன.

இன்னொரு சிக்கலும் அன்று முற்றியது. மாவட்டப் பட்டியல் மாவட்டத்தோடு முடிகிறது. புதுச்சேரிப் பகுதியோ 293 சதுர கிலோமீட்டரும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரைச் சுற்றி இருப்பவை கடலூர் ஊர்கள். அதன் மழை கடலூர்ப் பட்டியலில் வராது. மூன்று பட்டியல்களையும் இணைக்காமல் வரைந்தால் பெருமழையின் மையமே படத்துக்கு வெளியே போய்விடும். விளிம்பில் நூலகம் பாட்டுக்கு அறுத்து நிறுத்திவிடும். கிழக்கே கடல். அங்கே மானி இல்லை, இருக்கவும் போவதில்லை. கடற்கரையோரம் நிறம் கடலுக்குள் வழிந்தால் மீனவர்கள் சிரிப்பார்கள். கரைக்கோட்டுக்கு அப்பால் வெட்டிவிடுகிறேன்.

மேற்கே எங்கே வெட்டுவது என்பதுதான் இன்னும் தீராத விவாதம். அந்த டிசம்பர் முதல் வாரத்தில் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் தண்ணீர் வந்தது கடலூரில் பெய்த மழையால் மட்டுமல்ல. டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணைக்குள் இறங்கி, சாத்தனூர் அணையைத் தாண்டி, திருக்கோவிலூர் வழியாக எங்களிடம் வந்தது. அன்று காலை நான் வரைந்த படத்தில் மாவட்டம் முழுக்க வெளிர்ப் பச்சையும் மஞ்சளுமாகச் சாதுவாக இருந்திருக்கும். கடலூர் எல்லையோடு நிறுத்தியிருந்தால். படத்தின் சட்டத்தை மேற்கே கிருஷ்ணகிரி வரை இழுத்து, தென்பெண்ணையின் வடிநில எல்லையைத் தடித்த கோடாக மேலே போட்டேன். மானிகளுக்கு நடுவே தூரம் கூடிவிட்டதால் மலைப்பக்கம் சாம்பல் நிறைய. மாமா பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் என் கொல்லை எங்கே இருக்கிறது? ஓர் எறும்பு அளவுக்குக்கூடக் காணோமே." அவருக்குப் பழைய சட்டத்தில் தனியாக ஒன்று வரைந்து அனுப்புகிறேன். ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு அகன்ற படம் போகிறது.